பதில்: டேவிட் பிளாட்டை எங்கிருந்து பார்ப்பது?

வணக்கம். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் டிவி சீரியலை 2018 கதையில் தொடங்கிவிட்டு, "பாவப்பட்ட இந்த டேவிட்டை ஏன் எல்லாரும் வில்லன் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1960-லிருந்து ஓடும் சீரியலை முதலிலிருந்து பார்க்க ஒரு ஆயுள் போதாது. வேண்டவும் வேண்டாம்.

2003-க்குப் போங்கள். மாற்றாந்தகப்பன் ரிச்சர்ட் ஹில்மேன் குடும்பத்தையே காரில் கட்டிவைத்துக் கால்வாய்க்குள் ஓட்டுகிறான். டேவிட் அப்போது சின்னப் பையன். அடுத்து 2007: அக்கா சாராவின் கல்யாண நாளில் இவனே காரோடு கால்வாயில் இறங்குகிறான். அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், எழுதியவர்கள் சும்மா விளையாடவில்லை என்று தெரியும். 2008-இல் பெற்ற தாய் கெய்லை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறான். வில்லன் பட்டம் ஒட்டிக்கொண்டதில் இதற்குப் பெரிய பங்கு. பிறகு 2016, மனைவி கைலியின் கொலை.

நடுவில் வரும் சலூன் சண்டைகளைத் தள்ளிவிடலாம், நஷ்டமில்லை.

நடிகர் மாறிவிட்டாரோ என்ற சந்தேகம் வேண்டாம். 2000-லிருந்து ஜாக் பி. ஷெப்பர்ட்தான். 2018-இல் ஜாஷ் என்பவன் தனக்குச் செய்த பாலியல் வன்கொடுமையை யாரிடமும் சொல்லாமல் டேவிட் புழுங்கும் காட்சிகள், என் கணக்கில், அவருடைய உச்சம். முன்கதை தெரிந்தபின் அவற்றை மறுபடி பாருங்கள்.