நீத்துப்பெட்டியில் ஒரு நத்தார் மரம்

கேள்வி: எனக்கு 4, 6 வயதில் இரண்டு பிள்ளைகள். நத்தார் விடுமுறையில் அவர்களோடு சேர்ந்து சத்தான, வேடிக்கையான காலைச் சாப்பாடு ஒன்று செய்ய ஆசை. பனிமனிதன் வடிவத்தில் பான்கேக் செய்வதை ஒரு படத்தில் பார்த்தேன். சமையலறை அலங்கோலமாகாமல் செய்ய வழி உண்டா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: பனிமனிதனை விடுங்கள். பனியையே கண்டிராத பிள்ளைக்குக் கோதுமை மாவிலும் ஐசிங் சீனியிலும் அதைச் செய்து காட்ட என்ன அவசரம்?

வீட்டில் நீத்துப்பெட்டி இருக்கிறதா? பனையோலையில் கூம்பாக இழைத்த அந்தப் பெட்டியில் புட்டு அவித்துத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். நத்தார் மரம் தானாக எழுந்து நிற்கும். பச்சை நிறத்துக்குப் பசளிக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து அரைத்து, அந்தச் சாற்றை விட்டு வறுத்த அரிசிமாவைக் குழையுங்கள். பச்சை மாவை முதலில் போட்டு, கடைசியாக ஒரு பிடி குரக்கன் (கேழ்வரகு) புட்டு மாவைப் போட்டால், கவிழ்த்ததும் மரத்துக்குக் கீழே மண்ணும் வந்துவிடும்.

குரக்கன் என்றதும் சிலர் பேனாவை எடுத்துவிடுவார்கள். அது சீனி வருத்தக்காரரின் சாப்பாடாம், பிள்ளைகளுக்கு எதற்காம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை மறுத்துவிட்டேன், இப்போதும் மறுக்கிறேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளையரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எலும்பு வளர்கிற வயதில் கொடுக்காமல் வேறு எப்போது கொடுப்பது? 'சத்து நிறைந்தது' என்று பளபளக்கும் காலையுணவுப் பெட்டியை வாங்க மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. பெட்டியைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை கூடியதுதான் அதில் முதலில் வரும். சீனி இரண்டாவதாக நின்றால் பெட்டியைக் கடைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன வேலை? பெரியவர் படத்தில் பார்த்ததைச் செய்து முடித்த பிறகு, 'இந்தா, கண் வை, மூக்கு வை' என்று கூப்பிடுவது வேலையே அல்ல. உண்மையான வேலை கொடுங்கள். குழைத்த மாவின் சூடு ஆறியதும் மூத்தது சில்வர் தம்ளரின் வாயால் அதைக் கொத்தட்டும். அந்தச் சத்தத்துக்கே அடுத்த வீட்டுப் பிள்ளையும் வந்து நிற்கும். சின்னது தேங்காய்ப்பூவை இடையிடையே தூவட்டும். பெட்டியை நிரப்பும்போது அழுத்தவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். இறுகினால் ஆவி ஏறாது, நடுவில் மா வேகாமல் கிடக்கும். தேங்காய்த் திருவலையும் கொதிக்கும் பானையும் உங்கள் பொறுப்பு, அவர்கள் கிட்டவே வரக்கூடாது.

மரத்தை அலங்கரிக்கச் சின்னதாக வெட்டிய பப்பாசி போதும். முழுத் திராட்சையும் கச்சானும் வேண்டாம், 4 வயதுப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துவிடும். திராட்சைதான் வேண்டுமென்று அழுதால் நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். அவித்த பயறும் வாழைப்பழமும் பக்கத்தில் இருக்கட்டும். சிவப்பு மரம் கேட்டால் பீட்றூட் சாறு இருக்கிறது. அதைச் சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், பதறாதீர்கள்.

அப்புறம், அலங்கோலம். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது இதுதான். மா சிந்தும். சிந்தட்டும். தரையில் பழைய பேப்பரை விரித்து, பிள்ளைகளை அதிலேயே உட்கார வையுங்கள். அம்மம்மாமார் தரையில் உட்கார்ந்துதான் மாக் குழைத்தார்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருந்துதான் பழகினார்கள். ஆனால் கொழும்புக் காலி வீதியின் இருபக்கமும் எழும்புகிற தொடர்மாடிகளில் அப்படி உட்கார எங்கே இடம்? வரவேற்பறைக்குப் பளிங்கு, இரண்டு குளியலறை, வாகனத் தரிப்பிடம், சமையலறை மட்டும் ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே போகவேண்டிய அளவில். கட்டுபவர்களைச் சொல்லி என்ன, நாம் கேட்பதே இல்லையே. அடுத்த முறை வீடு பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சமையலறைத் தரையில் மூன்று பேரும் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் இடித்தால், விலையைப் பேசாமலே எழும்பி வந்துவிடுங்கள்.