உடம்பு கனமா இருக்கிறவங்களுக்கு தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா தொண்டையோட ரிஃப்ளெக்ஸ் மழுங்கிடுமா?

உங்க அம்மா 104 கிலோ, பித்தப்பை கல்லுக்கு ஆபரேஷன் நாள் குறிச்சாச்சு, ராத்திரி குறட்டை நடுவுல திடீர்னு நின்னு அப்புறம் மூச்சு முட்டி எழுந்துக்கிறாங்கன்னு கேள்வில எழுதியிருக்கீங்க. ஆமாங்க, மழுங்கும். நான் மயக்க மருந்து டாக்டர், 14 வருஷமா இதே வேலை, அதனால இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன்.

பாலிதீன் பையில வாய வச்சு காத்தை உறிஞ்சினா பை ஒட்டிக்கும்ல, மூச்சை இழுக்கும்போது நம்ம தொண்டையும் அப்படித்தான் ஒட்டப் பாக்கும். ஒட்டவிடாம காப்பாத்துறது ஒரு ரிஃப்ளெக்ஸ், அதாவது நாம நினைக்காமலே உடம்பு தானா செய்ற வேலை. உறிஞ்சலை தொண்டைல இருக்கிற நரம்பு உணர்ந்த உடனே நாக்கோட அடித்தசை நாக்கை முன்னாடி இழுத்து வழியைத் திறந்து வச்சிடும், கண்ணிமைக்கிற நேரம் கூட ஆகாது. உடம்பு கூடினவங்களுக்கு நாக்குக்குள்ளயே கொழுப்பு சேருது, தொண்டை ஓரத்துலயும் சேருது, படுத்தா வயிறு மேல தள்ளி நுரையீரல் சுருங்கிடுது, அதனால வழி ஏற்கனவே குறுகல். அதை ஈடுகட்ட அந்தத் தசை பகல் பூரா மத்தவங்களுக்கு வேலை செய்றதை விட அதிகமா வேலை செஞ்சுட்டே இருக்கும். தூங்கின உடனே அது தளர்ந்துடுது, தொண்டை மூடிக்குது.

இதுல வருத்தமான விஷயம் என்னன்னா குறட்டையே அந்த நரம்பைக் கெடுக்குது. வருஷக்கணக்கா ராத்திரி பூரா அண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்து அதிர்ந்து அங்க உணர்ச்சி மந்தமாயிடும், தொண்டைல லேசா காத்தை ஊதி டெஸ்ட் பண்ணினா இவங்களுக்கு பலமா ஊதினாத்தான் தெரியுது. விழுங்குற ரிஃப்ளெக்ஸும் லேட்டாகுது, அதனால புரை ஏறுற வாய்ப்பும் கூடும்.

அப்போ இவங்களை ராத்திரில உயிரோட வச்சிருக்கிறது எது? மூச்சு நின்னு ஆக்சிஜன் இறங்கினதும் மூளை தட்டி எழுப்புதே, அந்த முழிப்புதான். மயக்க மருந்தும் வலிக்குப் போடுற மார்ஃபின் மாதிரி ஊசியும் அந்த முழிப்பையும் சேத்து அமுக்கிடும். எனக்கு பயமே அங்கதான்.

ஒரு நாள் ஆபரேஷன் முடிஞ்சு ரெகவரி ரூம்ல ஒருத்தர், 118 கிலோ, நல்லா பேசினவருக்கு வலி ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல ரூமே அமைதியாயிடுச்சு. வயிறு மேல எழும்புது, நெஞ்சு உள்ள போகுது, ஆனா சத்தமே இல்ல, காத்தே போகல. மானிட்டர் பீப் சத்தம் மட்டும் சுதி இறங்கிட்டே வருது, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, குறையக் குறைய அது அப்படித்தான் இறங்கும். ஓடிப்போய் தாடையை முன்னாடி தூக்கிப் பிடிச்சேன், கொர்ர்ர்னு ஒரு மூச்சு உள்ள போச்சு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. ஃபாரத்துல குறட்டை இல்லைன்னு எழுதியிருந்தாங்க. வெளிய வந்து கேட்டா அவர் சம்சாரம், "வீட்லயும் இப்படித்தான் சார், நான்தான் தட்டித் தட்டி எழுப்புவேன்"னு சொல்றாங்க.

அதனால மறைக்காதீங்க. கழுத்துச் சுத்தளவு 40 செ.மீ.க்கு மேல இருந்தா, பிரஷர் இருந்தா, பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்கி வழிஞ்சா அதையும் சொல்லிடுங்க. ஆபரேஷனுக்கு அவசரம் இல்லைன்னா முன்னாடியே ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு பண்ணிப் பாக்குற டெஸ்ட், பண்ண முடியுமான்னு கேளுங்க. தேவைப்பட்டா சிபாப் மெஷின் தருவாங்க, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி தொண்டையை திறந்தே வைக்கும், 1981ல சிட்னில காலின் சலிவன்ங்கிற டாக்டர் கொண்டு வந்தது. எடை குறைஞ்சா நாக்குக் கொழுப்பும் குறையும், குறட்டையும் அடங்கும், ஆனா அது மாசக்கணக்குல ஆகுற வேலை, அதையே நம்பி ஆபரேஷனுக்குப் போகாதீங்க.

அம்மாகிட்ட கேட்டா "நான் எங்க குறட்டை விடறேன்"னுதான் சொல்வாங்க, நம்ம ஊர்ல பொம்பளைங்க இதை ஒத்துக்க கூச்சப்படுவாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு இன்னிக்கு ராத்திரியே தூங்கும்போது ஒரு அஞ்சு நிமிஷம் போன்ல வீடியோ எடுங்க, முகம் மட்டும் இல்லாம நெஞ்சும் வயிறும் தெரியணும். மயக்க டாக்டரைப் பாக்கப் போறப்ப முதல்ல அதைக் காட்டுங்க.