ஒரு நிமிடத்தில் எட்டுதான் குறைகிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அப்பாவுக்கு 58 வயது. மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் தோப்பைச் சுற்றி நடப்பார். நடந்து நின்றதும் நாடி 96, ஒரு நிமிடம் கழித்து 88. பன்னிரண்டுக்கு மேல் குறையாவிட்டால் ஆபத்து என்று படித்த நாளிலிருந்து நடையையே விட்டுவிட்டார். வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை.

பதில்: அப்பாவைத் திரும்ப நடக்கச் சொல்லுங்கள் அம்மா. எனக்குக் கவலை அந்த எட்டைப் பற்றி இல்லை, அவர் உட்கார்ந்துவிட்டதைப் பற்றித்தான்.

பன்னிரண்டு என்ற கணக்கு 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. டிரெட்மில்லில் முடிந்த மட்டும் நடக்கவைத்து, பிறகு வேகத்தைக் குறைத்து, ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். பன்னிரண்டோ அதற்குக் கீழோ இறங்கியவர்களிடம் பின்வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது உண்மைதான். உழைப்பு நின்றதும் வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடும். மாரடைப்புக்குப் பின் அந்த பிரேக் தளர்ந்திருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நோயும் அதைத் தளர்த்தும்.

ஆனால் அப்பா தோப்பில் நடந்தது அந்தச் சோதனை இல்லை. 96 வரைதான் ஏறிய துடிப்பு எவ்வளவு இறங்கும்? அதிகம் ஏறாமல் பிடித்து வைப்பதுதான் மெட்டோப்ரோலாலின் வேலை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினீர்கள் என்றால், ஒரு துடிப்பு தப்பினாலே எட்டு பன்னிரண்டாகிவிடும்.

அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள், எவ்வளவு வேகம் நடக்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். தொடர்ந்த பயிற்சியில் இந்த பிரேக் மெல்ல வலுப்படும். அதுவரை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சட்டென்று நிற்காமல் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடிக்கட்டும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் ஏறும் முன் வீடு திரும்பிவிட வேண்டும். வெக்கையில் நீர் வற்றினால் துடிப்பு இறங்க நேரமாகும்.

நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கோயம்புத்தூரா பாலக்காடா என்று யோசிக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.