கேற்றடியில் நிற்கும் பழுப்பு நாய்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் தரம் 7க்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். கனடாவில் என் பெறாமகள் படிக்கும் பாடசாலைக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு நாய் வருமாம். பிள்ளைகள் அதன் பக்கத்தில் இருந்து வாசிப்பார்களாம். ஆசிரியர்கள் அறைக்கும் அது போகுமாம். இதை இங்கே சொன்னபோது, "கட்டாக்காலி நாய்களைக் கலைக்கவே ஆள் காணாது, இதில் பாடசாலைக்கென்று வேறு ஒரு நாயா?" என்று சிரித்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். போன வருடம் அவனுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஆனால் இடைவேளையில் கேற்றடியில் நிற்கும் ஒரு பழுப்பு நாய்க்குத் தன் பணிஸைப் பிய்த்துக் கொடுத்தபடி ஏதோ கதைத்துக்கொண்டே இருக்கிறான். காவலாளி நாயைக் கலைத்தால் இவனும் எழும்பிப் போய்விடுகிறான். உண்மையிலேயே ஒரு நாயால் பிள்ளைகளுக்கு ஏதும் செய்ய முடியுமா? நான் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை, திருகோணமலை

அன்புள்ள ரீச்சர்,

முடியும். உங்கள் பாடசாலைக் கேற்றடியில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சிரித்தவர்கள் இடைவேளையில் அங்கே வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்பும் இப்படிச் சிரித்திருக்கிறார்கள். நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஒரு சிறுவர் உளவியலாளர் இருந்தார். ஒருநாள், யாரோடும் ஒட்டாத ஒரு பையனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே கூட்டி வந்துவிட்டார்கள். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையில் படுத்திருந்தது. அது எழும்பி ஓடிப் பையனை நக்க, அவன் அதை அணைத்துக்கொண்டான். பிறகு அவன் வந்ததெல்லாம் நாயோடு விளையாடத்தான். மெல்ல மெல்ல அந்த விளையாட்டில் லெவின்சனையும் சேர்த்துக்கொண்டான். 1960களின் தொடக்கத்தில் அவர் இதைச் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது, கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் விடவில்லை. 1962இல் அதைக் கட்டுரையாக எழுதினார். இன்று நாய்கள் பாடசாலைகளுக்குள் போகும் வழியை முதலில் திறந்தவர்களில் அவர் ஒருவர்.

சரி, நாய் அப்படி என்னதான் செய்கிறது? எனக்கு அது விளங்கியது 2005 ஜனவரியில். ஆழிப்பேரலைக்குப் பிறகு சனம் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் சில கிழமைகள் உதவிக்கு நின்றேன். நாளுக்கொரு குழு வரும். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் வந்த ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளுக்குத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, "அன்றைக்கு என்ன நடந்தது என்று கீறுங்கள்" என்றது. பத்து வயதிருக்கும் ஒரு பிள்ளை, நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நானும் பின்னாலேயே போய், "ஏனம்மா, கீற விருப்பமில்லையா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய் இருந்தாள். கேள்விகளிடமிருந்து தப்பி வந்த பிள்ளையிடம் நான் இன்னொரு கேள்வியோடு போய் நின்றிருக்கிறேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

நம் பிள்ளைகளைச் சுற்றி எந்த நேரமும் கேள்விதான். எத்தனை புள்ளி, ஏன் குறைந்தது, புலமைப்பரிசிலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை. துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கூட: சாப்பிட்டாயா, ஏன் பேசுகிறாய் இல்லை, அப்பாவை நினைக்கிறாயா. எல்லாம் அன்பில் கேட்பவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை ஒரு பதில் தேட வேண்டியிருக்கிறது. பழுப்பு நாய்க்கு வேண்டியது பணிஸ் மட்டும். அதையும் அவன்தான் கொடுக்கிறான். அப்பா போன நாளிலிருந்து ஊரே அவனுக்கு இரங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவனாக ஒரு உயிருக்குக் கொடுக்கும் இடம் இப்போது அந்தக் கேற்றடி மட்டும்தான்.

அமெரிக்காவில் சோல்ற் லேக் சிற்றியில் 1999இல் தொடங்கிய, நாய்க்கு வாசித்துக் காட்டும் திட்டத்திலும் இதே விஷயம்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளை சத்தமாக வாசிக்கும். நாய் பக்கத்தில் படுத்திருக்கும். பிழை திருத்தாது, பின் வாங்கிலிருந்து சிரிக்காது. உங்கள் பெறாமகளின் பாடசாலையில் நடப்பதும் இந்த வகைதான்.

ஆசிரியர்கள் அறைக்கு நாய் போவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் வீட்டுக் கவலையைச் சுமந்துகொண்டு நிற்கும் ஆசிரியையிடம் யார் போய்ப் பக்கத்தில் இருக்கிறார்கள்? 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு கூடும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன், தள்ளி நின்று பார்த்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் வளர்ந்த பிள்ளைகள். பெரியவர்களுக்கும் அது உதவும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக நாளைக்கே பழுப்பு நாயை வகுப்புக்குள் கூட்டிவந்துவிடாதீர்கள். பாடசாலைக்குப் போகும் நாய் தனியாகப் போவதில்லை. அதை வளர்த்துப் பழக்கியவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். திடீரென்று தட்டு விழுந்தாலும், ஒரு பிள்ளை காதைப் பிடித்து இழுத்தாலும் குழம்பாத நாயா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படிப்பட்ட நாயும் களைக்கும். அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் 'எனக்குப் போதும்' என்பதன் அடையாளங்கள். உடனே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

பிறகு, நம் ஊர். விசர்நாய்க்கடியால் இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். இப்போது அந்த எண்ணிக்கை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தடுப்பூசி செய்த வேலை அது. ஆனாலும் பயம் போகவில்லை, போகவும் கூடாது. நாயைக் கண்டதும் நம் பையன்களின் கை கல்லைத் தேடுவதற்கும் அந்தப் பயம் ஒரு காரணம். அதனால் முதல் வேலையாக, அரச மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ பேசி அந்த நாய்க்கு ஊசி போடுவியுங்கள். கழுத்தில் ஒரு பட்டி கட்டிவிட்டால் காவலாளிக்கும் ஒரு நிம்மதி. பையனுக்குச் சின்னக் கீறல் பட்டாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரச வைத்தியசாலையில் ஊசி இலவசம்.

முஸ்லிம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருக்கும் பாடசாலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபின்படி, நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். அதை நாம் மதித்தே ஆக வேண்டும். நாய் வாங்கு வாங்காகப் போகவே கூடாது. மரத்தடியில் ஓர் இடம், விரும்பியவர் மட்டும் அங்கே வரலாம் என்று வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை. நாய் கடித்துப் பயந்த பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

ஆனால் இவ்வளவையும் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் புள்ளிமான்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களோடு கூடவே நடக்கும் ஊர் நம்முடையது. மாலையில் அவை தெருவுக்கு வந்தால் வாகனங்கள் நின்று வழி விடுகின்றன. (அவற்றுக்குப் பொலித்தீனோடு சாப்பாட்டைப் போடாதீர்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ரீச்சர். வயிற்றில் அடைத்துச் செத்துப்போகின்றன.) மிருகங்களோடு இடத்தைப் பகிர்ந்து வாழ்வது நமக்குப் புதிது இல்லை.

அந்தப் பையனுக்கு நாய் மட்டும் போதாது. உங்கள் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும், தேவைப்பட்டால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் பேசுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. அவனுடைய அம்மாவையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அதுவரை, இடைவேளையில் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், நாயைக் கலைக்க வேண்டாமென்று. நேரம் கிடைத்தால் நீங்களும் ஒரு பணிஸோடு போய்ச் சற்றுத் தள்ளி இருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். அந்த நாய்க்கு அவன் ஒரு பெயர் வைத்திருப்பான். அவனாகச் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா