பம்ப் மெதுவாக ஓடுகிறது, மாஸ்ஃபெட் சூடாகிறது: போலியா, தேர்வில் தவறா?

கேள்வி: தொட்டி நிரம்பியதும் சின்ன 12 வோல்ட் பம்ப்பைத் தானாக நிறுத்தும் சர்க்யூட்டை இஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைத்துச் செய்கிறேன். எங்கள் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் கடை கிடையாது, எல்லாமே ஆன்லைன்தான். போர்டுக்காக 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் எல்எம்2596 மாட்யூல் ஒரு தளத்தில் ஐம்பது ரூபாய். இன்னொன்றில் அந்த ஐசி மட்டுமே சில நூறு ரூபாய். எதை வாங்குவது? பம்ப்புக்கு ஸ்விட்ச்சாக ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் ஐந்து வாங்கினேன். எதைப் போட்டாலும் பம்ப் மெதுவாக ஓடுகிறது, மாஸ்ஃபெட் தொட முடியாத அளவு சூடாகிறது. போலியைத் தந்துவிட்டார்களா? (தென்காசி மாவட்ட வாசகர்)

பதில்: மாஸ்ஃபெட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்களிடம் இருப்பவை அசல் பாகங்களாகவே இருக்கலாம். அசலே என்றாலும் இந்த இடத்தில் அவை சூடாகத்தான் செய்யும்.

இஎஸ்பி32-இன் அவுட்புட் பின்னிலிருந்து (காலிலிருந்து) வருவது 3.3 வோல்ட். ஐஆர்எஃப்இசட்44என் டேட்டாஷீட்டில் கேட் திரெஷோல்டு, அதாவது அதைத் திறக்கும் காலான கேட்டுக்கு வேண்டிய தொடக்க வோல்ட், 2 முதல் 4 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "3.3 போதுமே" என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்த எண், வெறும் 250 மைக்ரோ ஆம்பியர் கசியத் தொடங்கும் புள்ளி. கதவு லேசாகத் திறக்கிறது, அவ்வளவுதான். இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் 17.5 மில்லி ஓம் என்ற குறைந்த தடை, கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது. நடுவில் அரைகுறையாகத் திறந்து நிற்கும்போது, பம்ப்புக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பகுதி மாஸ்ஃபெட்டிலேயே சூடாகிவிடுகிறது.

பெயரில் ஓர் எழுத்து மாறிய ஐஆர்எல்இசட்44என் லாஜிக் லெவல் வகை, அதாவது குறைந்த வோல்ட்டிலேயே திறப்பது. அதற்கு 5 வோல்ட்டுக்கும் 4 வோல்ட்டுக்கும் தடை எவ்வளவு என்று டேட்டாஷீட்டே சொல்கிறது, 3.3-க்குச் சொல்வதில்லை. ஆக அதுவும் உங்களுக்கு உத்தரவாதமில்லை. ஏஓ3400 போன்றவற்றுக்கு 2.5 வோல்ட்டுக்கே கணக்கு தந்திருப்பார்கள், ஆனால் அவை போர்டின் மேற்பரப்பிலேயே சாலிடர் செய்யும் மிகச் சின்ன எஸ்எம்டி பாகங்கள். பிரட்போர்டில் நேராகக் குத்த முடியாது.

ஆன்லைனில் வாங்குகிறவர் முதலில் பழக வேண்டியது இதுதான்: பாகத்தின் பெயரை அரைகுறையாகத் தேடக் கூடாது. கடைசி எழுத்து வரைக்கும் பாருங்கள். ஏடிமெகா328பி-பியூ என்றால் சாக்கெட்டில் செருகும் 28 கால் ஐசி. அதுவே -ஏயூ என்று முடிந்தால் விரல் நகம் அளவுள்ள எஸ்எம்டி. படத்தை நம்பாதீர்கள், பல தளங்களில் படம் ஒன்று, பொருள் வேறு. 2என்2222 டிரான்சிஸ்டரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிஎன்2222ஏ, பி2என்2222ஏ இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கால்களின் வரிசையோ நேர் எதிர். எது வந்தாலும் மல்டிமீட்டரின் டையோடு முறையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சரி, எல்எம்2596. அசல் ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் இயங்கும். மலிவு மாட்யூல்களில் பலவற்றில் அதே பெயர் அச்சிட்ட வேறு சிப் இருக்கிறது; ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் 50-ஐ ஒட்டி ஓடும். அதனால் ரிப்பிள் (அவுட்புட் வோல்ட்டின் ஏற்ற இறக்கம்) கூடும், சொன்னபடி 3 ஆம்பியரை நெடுநேரம் தராது. ஆனால் இஎஸ்பி32 வைஃபையில் பேசும்போதுகூட அரை ஆம்பியரைத் தாண்டுவது அரிது. உங்கள் வேலைக்கு ஐம்பது ரூபாய் மாட்யூலே போதும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

ஒரே எச்சரிக்கை. மாட்யூல் வரும்போது அவுட்புட் எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. போர்டை இணைக்கும் முன்னால் 12 வோல்ட் கொடுத்து, அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்து, நீல டிரிம்பாட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகைச் சுற்றுங்கள். முதல் பத்துச் சுற்றில் எண் அசையாமலே இருக்கலாம். கெட்டுப்போனது என்று விட்டுவிடாதீர்கள். சுற்றிக்கொண்டே போனால் திடீரென்று இறங்கத் தொடங்கும், 5-இல் நிறுத்துங்கள்.

அப்படியானால் எப்போது கூடுதல் விலை கொடுப்பது? அந்தப் பாகம் போலியாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர், எல்இடி, பிசி547 போன்ற சின்ன டிரான்சிஸ்டர், ஜம்பர் வயர், சென்சார் மாட்யூல் எல்லாம் நம் நாட்டு ஹாபி தளங்களிலேயே வாங்கலாம். தவறினால் சில ரூபாய், ஒரு மாலை நேரம், போகட்டும். பவர் டிரான்சிஸ்டர், லித்தியம் செல், மெயின்ஸ் மின்சாரத்தைத் தொடும் எதுவும் அப்படியில்லை.

ஒருமுறை ஆம்ப்ளிஃபயருக்காக 2எஸ்சி5200 டிரான்சிஸ்டர்கள் வாங்கினேன். 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்க வேண்டிய பாகம், வால்யூமைக் கூட்டியதும் ஒவ்வொன்றாகப் போனது. ஒன்றை வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கான் துண்டு ஒரு அரிசி அளவுகூட இல்லை. அவை ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோயின. அன்றிலிருந்து இந்த மாதிரிப் பாகங்களை டிஜிகீ, மௌசர், எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம்தான் வாங்குகிறேன். இவர்கள் தயாரிப்பாளரிடமிருந்து நேராக எடுக்கிறார்கள். சின்ன ஆர்டருக்கு கூரியர் கட்டணம் பொருளைவிட அதிகமாகிவிடும் என்பதால், நண்பர்கள் மூன்று நான்கு பேர் பட்டியலைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுவது நல்லது.

18650 என்ற லித்தியம் செல்லில் கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பெரிய கம்பெனிகள் செய்யும் நல்ல செல்களே 3,500 சொச்சம்தான். வாங்கியதை எடை போட்டுப் பாருங்கள். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராமாவது இருக்கும். முப்பது கிராம் காட்டினால் அதைச் சார்ஜரில் வைக்காதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது ஜி.எஸ்.டி. சேர்த்ததா என்றும் பாருங்கள். சில தளங்கள் கடைசிப் பக்கத்தில்தான் 18 சதவீதத்தைக் கூட்டும். பார்சலைப் பிரிப்பதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், எண்ணிக்கை குறைந்தால் பேச அதுதான் ஆதாரம். டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி கனமானவை தேவைப்பட்டால், சென்னைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி ரிச்சி தெருவில் வாங்கிவரச் சொல்லுங்கள். கூரியர் காசு மிச்சம்.

உங்கள் ஐந்து ஐஆர்எஃப்இசட்44என்-களைத் தூக்கிப் போட வேண்டாம். கேட்டை 10கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டுக்கு இழுத்து, ஒரு பிசி547-ஆல் கீழே இறக்கினால் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்கும், மூடும். ஆனால் இதில் சிக்னல் தலைகீழாகும். போர்டு பூட் ஆகும் அந்த நொடியில் பம்ப் ஓடிவிடும். அதனால் முன்னால் இன்னொரு பிசி547-ஐயும் அதே மாதிரி 10கே-யுடன் சேர்த்துவிடுங்கள். இஎஸ்பி32-இன் அவுட்புட் பின் சும்மா இருக்கும்போது பம்ப் நின்றிருக்கும். ஒவ்வொரு பிசி547-இன் பேஸுக்கு முன்னாலும் ஒரு 4.7கே, பம்ப்புக்குக் குறுக்கே, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி ஒரு டையோடு. சின்னப் பம்ப்புக்கு 1என்4007 போதும்.

எல்லாம் சேர்த்து இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.