வாசகர் கேள்வி – பதில்: காட்டு டாணாவில் துரையின் தணிக்கை

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் மலைகளிலும் காடுகளிலும் இருந்த சிறிய போலீஸ் டாணாக்களை வெள்ளை அதிகாரிகள் நேரில் சென்று பார்த்தார்களா? பார்த்தார்கள் என்றால் எதைப் பார்த்தார்கள்?

பதில்: பார்த்தார்கள். அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிட்டு, எதைப் பார்த்தார்கள் என்பதற்கு வருகிறேன்.

சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் தலைவராகவும் இருந்தார். அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத்தில் மணியக்காரர், தலையாரி. வரி கேட்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள் என்றானபோது, வரி பாக்கிக்காரனும் திருடனும் ஒரே விதமாக அடிபட்டார்கள். 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. அடித்தவர்களின் கொடுமையைச் சொன்னதோடு நிற்காமல், அடிபட்டவன் முறையிட எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது, போனாலும் நியாயம் கிடைப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

அதன் பிறகு 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிப் போலீஸ் படை வில்லியம் ராபின்சனின் தலைமையில் உருவாயிற்று. இன்ஸ்பெக்டர் ஜெனரல், மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், ஏட்டுகள், கான்ஸ்டபிள்கள் என்று அடுக்கடுக்கான அமைப்பு. அயர்லாந்தின் கான்ஸ்டபுலரி என்ற போலீஸ் படையும், 1843இல் சிந்துவில் பிரிட்டிஷ் தளபதி சார்லஸ் நேப்பியர் அமைத்த படையும் இத்தகைய போலீஸுக்கு முன்மாதிரிகளாக இருந்தன. முறையிட வருபவன் நடக்கவேண்டிய தூரத்தை மேலதிகாரி குதிரையேறிப் போய்க் குறைத்துவிடலாம் என்பது, அதாவது மேற்பார்வை இருந்தால் கொடுமை குறையும் என்பது, இந்த அமைப்பின் அடிப்படை நம்பிக்கை. தணிக்கைக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்தது அதனால்தான்.

இனி, பார்த்தது எதை என்ற கேள்வி. அன்று பெரும்பாலான டாணாக்களின் பொறுப்பு ஏட்டிடமே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பொறுப்பில் நிலையம் என்ற ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. எல்லையோரப் புறக்காவல் என்றால் ஓர் ஏட்டும் சில கான்ஸ்டபிள்களும் மட்டுமே. மாட்டு வண்டிகளில் கூடாரம் வர, குதிரையில் சூப்பரின்டெண்டென்ட் வந்து சேர்வார். அணிவகுப்பு நடக்கும், உடுப்பும் பெல்ட்டும் பார்க்கப்படும், துப்பாக்கிகளும் தோட்டாக்களும் கணக்கோடு ஒத்துப்பார்க்கப்படும். அதன் பிறகு பதிவேடுகள் வரும். 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டம், தன் 44ஆவது பிரிவில், ஒவ்வொரு நிலையப் பொறுப்பாளரும் பொது டயரி எழுதவேண்டும் என்று விதித்தது: வந்த புகார்கள், கைதானவர்களின் பெயர்கள், புகார் கொடுத்தவர்களின் பெயர்கள், கைப்பற்றிய ஆயுதங்களும் பொருள்களும், விசாரிக்கப்பட்ட சாட்சிகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கவேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் அதை எப்போது வேண்டுமானாலும் வரவழைத்துப் பார்க்கலாம். லாக்கப்பையும் கைப்பற்றிய பொருள்கள் வைத்திருந்த இடத்தையும் பார்த்துவிட்டு, தன் குறிப்பை நிலையத்தின் பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரி அடுத்த முகாமுக்குப் புறப்படுவார்.

இவை எல்லாமே டாணா மேலிடத்துக்குக் கீழ்ப்படிந்து நடக்கிறதா என்பதற்கான சோதனைகள். டாணாவைச் சுற்றியிருந்த மக்களிடம் அது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு இந்தப் பட்டியலில் தனி இடமே இல்லை. குற்றவாளி பிடிபட்டானா என்று கேட்டார்கள். பிடித்த விதத்தைக் கேட்க, எழுதியவனையே சாட்சியாக நம்பவேண்டியிருந்தது.

கேள்வி: துரை வருவது முன்பே தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாமல் இருக்க வழியே இல்லை. கூடார வண்டிகள் முன்னே போகவேண்டும். பாலும் கோழியும் விறகும் புல்லும் முகாமுக்குத் தயாராக இருக்கவேண்டும். அதற்கான சொல் கிராம அதிகாரிகளுக்குப் போகவேண்டும். திடீர்ச் சோதனைக்கு அதிகாரி ஆசைப்பட்டாலும், அவருடைய சாப்பாடே செய்தியைப் பரப்பிவிடும். இன்னொன்று, சுற்றுப்பயணம் என்பது பெரும்பாலும் குளிர்கால வேலை. மழைக்காலத்தில் ஓடைகள் வழியை அடைத்துவிடும். மலைப்பகுதிகளில் காய்ச்சலும் ஆளை விழுத்திவிடும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்ததே 1897இல்தான். அதுவரை கெட்ட காற்று என்றே பலரும் நம்பினார்கள். ஆகவே மழை தொடங்கினால் காட்டு டாணாவில் என்ன நடக்கிறது என்பது ஏட்டுக்கும் அவருடைய ஆட்களுக்கும் அங்குள்ள மக்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

கேள்வி: 1879 ரம்பா கலகத்தின் தொடக்கத்திலேயே போலீஸார் தாக்கப்பட்டார்கள் என்று படித்தேன். தணிக்கைகள் எதையும் முன்கூட்டி உணர்த்தவில்லையா?

பதில்: கோதாவரி மாவட்டத்து ரம்பா மலைப்பகுதியில் 1879 மார்ச்சில் கலகம் வெடித்தது. மலைமக்கள் போலீஸாரைப் பிடித்துச் சென்றார்கள். சோடவரம், அட்டதீகல டாணாக்களைத் தாக்கினார்கள். கோபத்துக்குக் காரணங்கள் பல. அந்தப் பகுதியின் ஜமீன்தார் போன்றவரான மன்சப்தாரின் வசூல் கொடுமை, தங்கள் வீட்டுத் தேவைக்கு இறக்கிவந்த கள்ளின் மேல் விழுந்த வரியும் குத்தகையும், சமவெளி வியாபாரிகள் எங்கோ தூரத்து நீதிமன்றங்களில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வந்து செய்த ஜப்தி ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு கான்ஸ்டபிள்களின் அட்டகாசமும் சேர்ந்தது. கலகம் விசாகப்பட்டினம் மாவட்டத்து மலைகளுக்கும் பத்ராசலம் பக்கமும் பரவியது. அடக்குவதற்குப் போலீஸ் போதாமல் சென்னைக் காலாட்படையின் ஆறு ரெஜிமெண்டுகளும், குதிரைப்படையும், நிஜாமின் ஐதராபாத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்த கண்டின்ஜென்ட் படையிலிருந்து ஆட்களும் போகவேண்டியிருந்தது. 1880இலும் சண்டை தொடர்ந்தது.

பதிவேட்டைப் பார்த்து இதை ஏன் உணரமுடியவில்லை என்று கேட்டால், என் கணிப்பு இதுதான்: குத்தகைக்காரனுக்கும் வியாபாரிக்கும் துணையாக வந்து நிற்கும் டாணாவில் மலைவாசி எதற்காகப் புகார் எழுதிவைப்பான்? புகார் இல்லாத பக்கம் தணிக்கை செய்பவரின் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும். மலைமக்களின் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அவகாசமும் இரண்டு நாள் முகாமில் கிடைக்காது. கலகத்துக்குப் பிறகு காரணங்களை விசாரிக்க அரசாங்கம் வருவாய் வாரியத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரை அனுப்பியது என்பதையும் கவனிக்கவேண்டும். போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்து இருபது ஆண்டுகள் ஆன பின், போலீஸ் மேற்பார்வை தவறவிட்டதைக் கண்டறிய வருவாய்த் துறைக்காரர் போகவேண்டியிருந்தது சற்று வேடிக்கைதான்.

கேள்வி: தொலைதூரப் போலீஸ்காரர் யாராவது மேலதிகாரியின் சோதனையில் அகப்பட்டுத் தண்டனை பெற்றதுண்டா?

பதில்: சிறு தண்டனைகள் ஏராளம். 1861 சட்டத்தின் 29ஆவது பிரிவு கடமை தவறிய போலீஸ்காரருக்கு மூன்று மாதச் சம்பளம் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் கொடுத்தது. ஆனால் நீங்கள் கேட்பது கொலை போன்ற பெரிய குற்றத்தை என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு வெளியே ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

மத்திய ஆஸ்திரேலியா அப்போது தென் ஆஸ்திரேலியக் காலனியின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே ஃபின்க் ஆற்றங்கரையில் போகி ஹோல் என்ற இடத்தில் வில்லியம் வில்ஷயர் என்ற குதிரைப்போலீஸ்காரர், பழங்குடிக் காவலர்களை வைத்துக்கொண்டு முகாம் நடத்தினார். அவருடைய மேலதிகாரி இருந்தது போர்ட் அகஸ்டாவில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அருகிலிருந்த ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பாதிரியார்கள் எழுப்பிய புகார்களின் பேரில் 1890இல் ஒரு குழு வந்து விசாரித்தது. விசாரணை போலீஸுக்குச் சாதகமாகவே பெரிதும் முடிந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் டெம்ப் டௌன்ஸ் பண்ணையில் இரண்டு பழங்குடி ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, உடல்கள் எரிக்கப்பட்டன. இதை வெளிக்கொண்டுவந்தவர் போலீஸ் தணிக்கையாளர் அல்லர். மத்திய ஆஸ்திரேலியாவில் தந்தி நிலைய அதிகாரியும் மாஜிஸ்திரேட் அதிகாரம் பெற்றவருமான பிரான்சிஸ் கில்லன். அவர் அங்கேயே வாழ்ந்தார். வில்ஷயரின் பழங்குடிக் காவலர்களிடமே வாக்குமூலம் வாங்கினார். அதன் பேரில் வில்ஷயரைக் கைது செய்ய உத்தரவிட்டார். 1891 ஜூலையில் போர்ட் அகஸ்டாவில் வழக்கு நடந்தது. வெள்ளைக் குடியேறிகள் சந்தா திரட்டினார்கள், காலனியின் முன்னாள் பிரதமர் ஜான் டௌனர் வாதாடினார், ஜூரிகள் விடுதலை செய்தார்கள். வில்ஷயர் வடக்கே விக்டோரியா ஆற்றுப் பகுதியில் மீண்டும் போலீஸ் வேலை பார்த்தார்.

கேள்வி: சென்னை மாகாணத் தணிக்கைகளைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர் எங்கே தொடங்கலாம்?

பதில்: சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளும், போலீஸ் நிர்வாகத்தின் ஆண்டறிக்கைகளும் உள்ளன. ஆண்டறிக்கையை மட்டும் படித்தால் எல்லாம் ஒழுங்காக இருந்ததுபோலத் தோன்றும். எனவே அதே ஆண்டுகளின் வருவாய்த் துறைத் தொகுதிகளிலுள்ள மனுக்களையும் சேர்த்துப் பாருங்கள். 1902-03இல் ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் விசாரித்த போலீஸ் கமிஷனின் அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். இந்தியப் போலீஸுக்குப் போதிய மேற்பார்வை இல்லை என்று எழுதியதோடு, மக்கள் அதை ஊழலும் கொடுமையும் நிறைந்ததாகவே கருதுகிறார்கள் என்றும் அது எழுதியிருக்கிறது.