ஒரு காலத்தில் மிகவும் பிடித்திருந்த உயர்தர உணவகத்துக்கு மறுபடி போய் ஏமாந்த அனுபவம் உண்டா? மீண்டும் அங்கே போவீர்களா?

உண்டு. இன்னும் மனது ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் செட்டிநாட்டு உணவகம் அது. பெயர் வேண்டாம். அங்கே இப்போது வேலை பார்க்கிற பையன்கள் யாருக்கும் என்னால் தொந்தரவு வரக்கூடாது. தம்பிக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, அப்பா பணி ஓய்வு பெற்றது என்று எங்கள் வீட்டின் நல்ல நாட்கள் எல்லாம் அந்த மேசைகளில்தான் கொண்டாடப்பட்டன. சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு ஒரே ராத்திரியில் போய்விடும். ஆனாலும் காசு தண்டம் என்று யாரும் சொன்னதில்லை, அம்மா உட்பட.

அம்மா உட்பட என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். செட்டிநாடு என்று பலகை மாட்டிய எந்தக் கடையிலும் அவருக்குத் திருப்தி வராது. "மிளகாயையும் எண்ணெயையும் கொட்டிட்டா செட்டிநாடாயிருமா?" என்பார். அப்படிப்பட்டவர் முதல் தடவை அங்கே வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டதுமே, "உள்ள நம்ம ஊரு ஆளு யாரோ இருக்காக" என்றார். பரிமாறுகிறவர்களை மேற்பார்வையிடும் கேப்டன் சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சமையல் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், கல்யாண வீடுகளில் சமைத்துத் தொழில் பழகியவர். அம்மாவும் அவரும் சொந்தக்காரர்கள் மாதிரி நின்று பேசினார்கள்.

வெள்ளைப் பணியாரத்தை வைத்து எப்படி ஆளைக் கண்டுபிடித்தார் என்று கேட்பீர்கள். அதற்கு அரிசி, உளுந்து, உப்பு, கொஞ்சம் பால் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு டம்ளரில் தலை தட்டிப் பச்சரிசி, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்து. இதுதான் அந்தப் பக்கத்து அளவு. ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, புளிக்க விடாமல், ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்ற வேண்டும். ஓரம் மெல்லிசாக முறுகலாகவும், நடு பஞ்சாகவும், நிறம் மாறாமல் வெள்ளையாகவும் வரவேண்டும். மாவு கொஞ்சம் தண்ணீர்த்தாலோ எண்ணெய் கொஞ்சம் அதிகம் காய்ந்தாலோ காட்டிக்கொடுத்துவிடும். மசாலாவைப் போட்டு மறைக்க இடமே இல்லை. முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கவும் முடியாது, ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும்.

நண்டு ரசமும் அப்படித்தான். நண்டின் கால்களையும் ஓட்டையும் நசுக்கிப் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தெளிவாக, நீர்த்து, தொண்டையில் மிளகு நிற்கும்படி இருக்கும். கோழிக்கு ஒரு மசாலா, ஆட்டுக்கறிக்கு வேறு, எறாலுக்கு வேறு. கல்பாசி, மராத்தி மொக்கு என்ற மசாலாப் பொருட்களை எல்லாவற்றிலும் போடமாட்டார்கள், எதில் போட வேண்டுமோ அதில் மட்டும். கல்பாசியை வெறும் கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அந்த வாசனை கிளம்பும். அந்த உணவகத்துக்குள் நுழையும்போதே அது மூக்கில் ஏறும்.

அப்புறம் நாங்கள் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டோம். ஊரடங்கு வந்தது. அப்பாவும் போய்விட்டார். அம்மா வெளியே போய்ச் சாப்பிடுவதையே விட்டிருந்தார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, அவராகவே அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதத்துக்கு முன்பே மேசை சொல்லி வைத்தேன். பிறந்தநாள் என்பதையும், ஜன்னல் பக்கத்து மேசை வேண்டும் என்பதையும், அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் சோபா வேண்டாம், நேரான நாற்காலி வேண்டும் என்பதையும் சொல்லியிருந்தேன்.

போனால் உட்கார வைத்தது ஒரு தாழ்வான சோபாவில். நாற்காலி கேட்டு வாங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அலங்காரம் முழுக்க மாறியிருந்தது. ஆத்தங்குடி கற்கள் பதித்த தரை போய், கறுப்புப் பளிங்கு. பாட்டு சத்தமாக இருந்ததால் அம்மாவுக்கு நாங்கள் பேசியது கேட்கவில்லை. இதெல்லாம் காலத்துக்கு ஏற்ப மாறுவது, அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது பிடிக்கலாம். மெனு கார்டைத் திறந்தபோது நிம்மதியாகவே இருந்தது, பழைய பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அம்மியில் அரைத்த மசாலா, பாட்டி கைப்பக்குவம் என்றெல்லாம் புதிதாகச் சில வரிகளும் சேர்ந்திருந்தன. விலை ஏறியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான்.

முதலில் நண்டு ரசம் வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில், மேலே நுரையோடு. வாயில் வைத்தால் கெட்டியாக, கார்ன்ஃப்ளவர் கரைத்த சூப் மாதிரி வழவழவென்று இறங்கியது. மிளகு இருக்கிறது, நண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெள்ளைப் பணியாரம் ஆறிப்போய், நடுவில் எண்ணெய் கோத்து, லேசாகப் பழுப்பேறி வந்தது. அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். சாப்பிடவில்லை. தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

பிறகு கோழி, ஆட்டுக்கறி, எறால் மூன்றும் மூன்று பித்தளைக் கிண்ணங்களில் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அம்மா ஒவ்வொன்றிலும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். "மூணுலயும் ஒரே குழம்புதாண்டி" என்றார். நானும் பார்த்தேன். உண்மைதான். வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்து வேகவைத்த ஒரே கிரேவி. அதில் கோழியைப் போட்டால் கோழிக் குழம்பு, எறாலைப் போட்டால் எறால் தொக்கு. கல்பாசி வாசனை மூன்றிலும் ஒரே அளவில் இருந்தது. பெரிய சமையலறைகளில் அடிப்படை கிரேவி வைத்துக்கொள்வது சாதாரண விஷயம், வட இந்திய உணவு பரிமாறும் ஹோட்டல்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நூறு பேருக்கு நாற்பது வகை பரிமாற வேறு வழி இல்லை என்பதும் புரிகிறது. ஆனால் நாங்கள் அங்கே அவ்வளவு காசு கொடுத்ததே ஒவ்வொன்றையும் தனித்தனியாக யாரோ செய்கிறார்கள் என்பதற்காகத்தானே?

கேப்டன் புதிய பையன். முதல் வாய் வைப்பதற்குள் "எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான். மெதுவாகக் கூப்பிட்டு, பணியாரம் ஆறிப்போயிருக்கிறது, குழம்பு மூன்றும் ஒன்றாக இருக்கிறது, பழைய மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய் ஷெஃப்பைக் கூட்டி வந்தான்.

ஷெஃப் நல்ல மனிதர். சால்ஜாப்பு சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரவில்லை, அவரோடு இருந்த உதவியாட்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இப்போது மெனுவைத் தலைமை அலுவலகம் முடிவு செய்கிறது, மசாலாவும் கிரேவியும் ஹோட்டலின் பொதுச் சமையலறையிலிருந்து வருகின்றன. பணியார மாவு காலையில் அரைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது. "அம்மா, நீங்க சொல்றது சரிதான்" என்று அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இலவசமாக ஒரு இனிப்பு அனுப்பினார். பால் பணியாரம், கோப்பையைச் சுற்றிப் புகை வர. அம்மா மரியாதைக்கு ஒரு கரண்டி சாப்பிட்டார்.

அவர் பேசியபிறகுதான் என் கோபம் எதன்மேல் என்று எனக்கே தெளிவானது. மாஸ்டர் போனது யார் குற்றமும் இல்லை. வயதாகும், ஊருக்குப் போவார்கள், அது நடக்கிறதுதான். அவர் இருந்த அத்தனை வருடங்களில் அவருக்குக் கீழே நாலு பேரைத் தயார்செய்து, நல்ல சம்பளம் கொடுத்துத் தக்கவைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அந்தப் பணம் பளிங்குத் தரைக்கும் புகைக்கும் போயிருக்கிறது. அதைவிட மோசம், அம்மியே இல்லாத சமையலறையிலிருந்து வருவதை அம்மியில் அரைத்தது என்று மெனு கார்டில் அச்சடித்து விற்பது. அந்த மாஸ்டரின் கைவேலைக்குக் கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு, வேலையை மட்டும் எடுத்துவிட்டார்கள். இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

உலகப் புகழ்பெற்ற இடங்களுக்கும் இப்படி நடக்கும். பிரான்ஸில் லியோன் நகருக்குப் பக்கத்தில் பால் போக்யூஸ் என்ற பெரிய சமையல்காரரின் உணவகம், உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷெலின் கையேட்டின் மிக உயர்ந்த மூன்று நட்சத்திரங்களை 1965லிருந்து விடாமல் வைத்திருந்தது. அவர் 2018 ஜனவரியில் இறந்தார். 2020 ஜனவரியில் மிஷெலின் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டது. சாப்பாடு நன்றாகவே இருக்கிறது, ஆனால் மூன்று நட்சத்திரத் தரத்தில் இல்லை என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களில் பலர் கொதித்துப்போனார்கள். எனக்கு அதில் பிடித்தது, யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் போய் உட்கார்ந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறார் என்பது. நமக்கு அந்தக் கையேடு கிடையாது. கூகுளில் அந்த உணவகத்துக்குக் குவிந்திருக்கும் பாராட்டுகளில் பாதி அலங்காரத்தைப் பற்றியும், பிறந்தநாள் கேக் கொடுத்ததைப் பற்றியும்தான்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. அறை வாடகை நாளுக்கு 7500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளியே தனியாக நடக்கும் உணவகங்களில் பெரும்பாலும் 5 சதவீதம். அதற்குமேல் எங்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜும் தானாகவே சேர்ந்திருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எடுக்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அந்தக் கேப்டன் பையன் கையில் தனியாக டிப்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், அவன் அன்றைக்கு எங்களுக்காக நிறையவே ஓடினான்.

மெனு கார்டு பற்றி ஹோட்டலுக்கு மின்னஞ்சலும் எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அம்மியில் அரைத்தது என்ற வரியை எடுத்தார்களா என்று மறுபடி கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்படிப் பிடித்த இடத்துக்கு நெடுநாள் கழித்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். போன் செய்து மேசை சொல்லும்போதே, பழைய மாஸ்டர் இருக்கிறாரா, மசாலா அங்கேயே அரைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நன்றாகச் செய்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். போனபிறகு முதலில் கிரேவி இல்லாத ஒன்றை மட்டும் கேளுங்கள். ரசம், பணியாரம், இடியாப்பம் மாதிரி. அது சரியாக வந்தால் மற்றதைச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் காபியோடு எழுந்துவிடலாம்.

மீண்டும் போவேனா என்றால், இப்போதைக்கு இல்லை. காரைக்குடிப் பக்கத்தில் கற்றுத் தேர்ந்த இளம் சமையல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், கல்யாணப் பந்திகளில் அவர்கள் கைவண்ணத்தைச் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களில் நாலு பேரை அந்த ஹோட்டல் வேலைக்கு எடுத்தது என்று கேள்விப்பட்டால் மறுவாரமே மேசை சொல்வேன். என்ன விலை போட்டாலும் கொடுப்பேன். அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவேன்.